பம்பினோவும் சுல்தானும் ஒரே ஆள்தான் என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தாருக்கு,

வணக்கம். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பால் பைத்தியம் பிடித்தது நடு வயதில்தான். பழைய கதைகளைப் படிக்க உட்கார்ந்தால், நியூயார்க் யாங்கீஸ் அணியில் பேப், பம்பினோ, சுல்தான் ஆஃப் ஸ்வாட் என்று மூன்று பேர் ஹோம் ரன்களாக (நம் சிக்ஸர் மாதிரி) விளாசிக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அப்புறம் பார்த்தால், மூவரும் ஜார்ஜ் ஹெர்மன் ரூத் என்கிற ஒரே ஆள்! 1927-இல் 60 ஹோம் ரன் அடித்தவருக்குப் பட்டம் கூடாதா என்பீர்கள். சரி, கொடுங்கள். ஒரே பத்தியில் மூன்றையும் கொடுப்பானேன்? ஒரு பெயரை இரண்டாம் முறை எழுத உங்களுக்குக் கூச்சம். வேறென்ன?

பட்டத்துக்கு நான் எதிரி இல்லை. எங்கள் ஊரில் வட்டச் செயலாளருக்கே போஸ்டரில் நாலு பட்டம் இருக்கும். அந்தப் பழக்கத்தில், எது தானாக முளைத்தது, எது மேஜையில் செய்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

யாங்கீஸ் வீரர் யோகி பெர்ராவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் சிறுவயது நண்பர். இந்தியாவைப் பற்றிய படம் ஒன்றில் பார்த்த யோகியைப் போலவே இவனும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறானே என்று விளையாட்டாகச் சொன்னது ஒட்டிக்கொண்டது. செயின்ட் லூயிஸ் அணியின் ஸ்டான் மியூசியல் 'தி மேன்' ஆனது எதிரணி ரசிகர்களால். 1946-இல் ப்ரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில் அவர் மட்டையோடு வரும்போதெல்லாம், 'வந்துட்டான்யா அந்த ஆளு' என்கிற தொனியில் கூட்டம் முனகியது. செயின்ட் லூயிஸ் நிருபர் பாப் ப்ரோக் அதை விசாரித்து எழுதினார், அவ்வளவுதான்.

டெட் வில்லியம்ஸுக்கு வருவோம். மனிதர் ஒல்லி. அதற்காக 'ஸ்ப்ளெண்டிட் ஸ்ப்ளின்டர்', அதாவது அற்புதமான சிராய். மோனை பிரமாதம்! ஆனால் 1941 சீசனின் கடைசி நாள் காலையில் அவருடைய சராசரி, அதாவது மட்டை பிடித்த முறைகளில் எத்தனை ஹிட் என்கிற விகிதம், 0.39955. புள்ளிவிவரக் கணக்கில் அது, மட்டை பிடிப்பவர்கள் கனவு காணும் 0.400 ஆகிவிடும். ஆடாமல் உட்கார்ந்தாலே போதும், மேனேஜரும் அதற்குச் சம்மதம்தான். அவர் கேட்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 முறையில் 6 ஹிட் அடித்து, 0.406-இல் முடித்தார். இதில் எந்த இடத்தில் அந்தப் பட்டத்தைச் செருகுவீர்கள்?

(ஹோனஸ் வாக்னர் 'பறக்கும் டச்சுக்காரர்' ஆன கதையை நான் கிளறப் போவதில்லை. அவருடைய பெற்றோர் ஜெர்மானியர்கள்.)

இப்போது உங்கள் கையில் மாட்டியிருப்பவர் ஷோஹெய் ஓஹ்தானி. 2024-இல் 54 ஹோம் ரன், 59 ஸ்டீல் (பந்து வீசும் பிட்சர் அசரும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). அவர் எந்தப் பந்தை விட்டார், எதை அடித்தார், பிட்சரின் கண்ணில் படாமல் எத்தனை அடி நகர்ந்தபின் ஓடினார் என்று எழுதுங்கள். 'ஷோடைம்' என்கிற அவருடைய பட்டச் சமாச்சாரத்தை டி-ஷர்ட் விற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இன்னும் ஸ்கோர் குறிக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்