மாஸ்டர் பிளான்ல மொதல்ல போக்குக் கால்வாய வரைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைல எங்க என்ன கட்டலாம், எங்க கட்டக் கூடாதுன்னு முடிவு பண்ற மூணாவது மாஸ்டர் பிளான் பத்தி உங்க பத்திரிகைல வர்ற செய்திய எல்லாம் விடாம படிக்கறேன். மெட்ரோ எதுவரைக்கும் வரும், எந்த ரோடு அகலமாகும்னு பக்கம் பக்கமா வருது, ஆனா ஏரிக்கும் அதோட கால்வாய்க்கும் என்ன எடம்னு யாருமே சரியா எழுத மாட்டேங்கறாங்க. நான் இருக்கறது கிழக்குத் தாம்பரம் பக்கம், மழை பேஞ்சா தெருவுல தண்ணி நிக்கற ஏரியா, அதனால எனக்கு மொதல்ல தெரிய வேண்டியது அதுதான்.

சிட்லப்பாக்கம் ஏரி கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 2019 கோடைல மெட்ராஸ் முழுக்க ஜனங்க குடத்த தூக்கிட்டு லாரிக்கு காத்துக் கெடந்தப்ப அந்த ஊர்க்காரங்களே சேந்து காஞ்ச ஏரில எறங்கி குப்பைய அள்ளி தூர் வாரினாங்க. ஆபீஸ் போறவங்க, ரிட்டயர் ஆனவங்க, பசங்கன்னு எல்லாரும்தான். அதப் பாத்த அப்புறம்தான் அரசாங்கம் ஏரிக்கு 25 கோடி ரூபா ஒதுக்குச்சு. மக்கள் எறங்கினா நடக்கும்ங்கறதுக்கு அத விட நல்ல உதாரணம் எங்க பக்கத்துல இல்ல, அவங்களுக்கு என் மனசார நன்றி.

ஆனா ஒரு ஏரிய மட்டும் சுத்தம் பண்ணி நிறுத்திட முடியாது சார். சிட்லப்பாக்கம் ஏரி ரொம்பினா தண்ணி செம்பாக்கம் ஏரிக்குப் போகணும், அது ரொம்பினா நன்மங்கலம், அப்படியே எறங்கி எறங்கி கடைசில பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அங்கேந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரத்துல கடல். இந்த சங்கிலில எங்க ஒரு எடத்துல அடைச்சாலும் மேல இருக்கறவன் வீட்டுக்குள்ள தண்ணி வரும், கீழ இருக்கற ஏரி காஞ்சு கெடக்கும். ஏரிக் கரைய ஒரு சங்கமா சேந்து காப்பாத்திடலாம், ஆனா ரெண்டு ஏரிக்கு நடுவுல ஓடற கால்வாய் எந்த வார்டு, எந்த டிபார்ட்மெண்ட்னே தெரியாது, கேட்டா ஒரு ஆபீஸ்ல இன்னொரு ஆபீஸ கை காட்டுவாங்க. பழைய வருவாய்த்துறை மேப்புல அகலமா இருக்கற கால்வாய் நேர்ல போய் பாத்தா ஒரு சிமெண்ட் குழாயா சுருங்கி ரோட்டுக்கு அடில போகுது, அதுலயும் பாதி சாக்கடை.

2015 டிசம்பர் 1ந் தேதி காலைலேந்து மறுநாள் காலைக்குள்ள தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர் பேஞ்சுது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் திரும்பவும் வீட்டுக்குள்ள தண்ணி. நடுவுல 2019ல குடிக்கவே தண்ணி இல்ல. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் ஈரத்த கூடுதலா புடிச்சு வெச்சுக்கும்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க, அப்ப இனிமே பேயறது எல்லாம் இப்படித்தான் மொத்தமா கொட்டும், கொட்டற தண்ணிய புடிச்சு வெக்க எடம் இல்லன்னா அடுத்த கோடைல திரும்ப லாரிதான். பருவநிலை மாற்றம்னு பெரிய ஹால்ல கூட்டம் போட்டு பேசறது எங்க தெருவுல இந்த கால்வாய் பிரச்சனையாத்தான் வந்து நிக்குது.

பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம் கெடச்சுது, சந்தோஷம். ஆனா அதுல வர்றது சுமார் 1,250 ஹெக்டேர்தான், பழைய சதுப்பு நிலம் இத விட பல மடங்கு பெருசு, மிச்சம் எல்லாம் குப்பைமேடாவும் ஐடி கம்பெனியாவும் அபார்ட்மெண்டாவும் ஆயிடுச்சு. இதுல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், ஆக்கிரமிப்புன்னு பேச்சு வந்தாலே கால்வாய் ஓரத்து குடிசையத்தான் மொதல்ல இடிக்கறாங்க, அப்ரூவல் வாங்கி தண்ணி போற வழியிலயே அடுக்குமாடி கட்டினவன் நிம்மதியா இருக்கான், அந்த அப்ரூவல் குடுக்க வழி விட்டது பிளான்தானே? அதனாலதான் பிளான் மேல இவ்வளவு கவலைப்படறேன்.

2008ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான். அதுக்குள்ள சென்னை பெருநகர் எல்லைய 1,189 சதுர கிலோமீட்டர்லேந்து 5,904க்கு விரிச்சாச்சு, அதாவது காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருக்கற ஏரிங்க நெறைய இப்ப இந்த பிளானுக்குள்ள வந்துடுச்சு, எங்க பக்கம் ஏற்கனவே கெட்டது அங்க இன்னும் கெடல.

அதனால நான் கேக்கறது இதான். ஒவ்வொரு ஏரிக்கும் தண்ணி கொண்டு வர்ற வரத்துக் கால்வாய், ரொம்பினா தண்ணி வழியற கலங்கல், வழிஞ்ச தண்ணிய வெளிய கொண்டு போற போக்குக் கால்வாய் எல்லாத்தயும் சர்வே நம்பரோட தமிழ்ல மேப்பா போட்டு, பிளான முடிவு பண்றதுக்கு முன்னாடி பகுதி சபைல, அதாவது வார்டுக்குள்ள அந்தந்த பகுதி ஜனங்க கூடிப் பேசற கூட்டத்துல வெக்கணும். 2022லேந்து நகரத்துல பகுதி சபைக் கூட்டம் நடக்குது, ஆனா அங்க தெரு விளக்கு, குப்பை வண்டியோட பேச்சு முடிஞ்சிடுது. இந்த மேப்ப வெச்சா எங்க ஊர் பெரியவங்க எந்த எடத்துல தண்ணி எப்படி ஓடுச்சுன்னு கை வெச்சு காட்டுவாங்க, எந்த கன்சல்டன்டுக்கும் தெரியாதது அது. வெறும் ஆன்லைன்ல இங்கிலீஷ் பிடிஎஃப் போட்டு கருத்து சொல்லுங்கன்னா அவங்க எப்படி சொல்லுவாங்க?

உங்க நிருபர் யாராவது மழைக்கு முன்னாடி ஒரு தடவ சிட்லப்பாக்கத்துலேந்து ஒக்கியம் மடுவு வரைக்கும் அந்த தண்ணி போற பாதையிலயே வந்து பாத்து எழுதணும்னு கேட்டுக்கறேன். கூட வர்றதுக்கு எங்க தெருவுல ஆள் இருக்காங்க.

இப்படிக்கு,
கிழக்குத் தாம்பரம் வாசகி