தையல் பயிற்சிக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் அறுவை சிகிச்சை ஆர்வக் குழு இளநிலை மருத்துவ மாணவர்களுக்காக நடத்திய, காயத்துக்குத் தையல் போடும் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். திறன்சார் பாடத்திட்டத்தில், தையலை மாதிரிச் சூழலில், அதாவது நோயாளி மீதல்லாமல், போட்டுக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் தைப்பதற்குத் தோல் வேண்டுமே!

அதனால் முதல் நன்றி பன்றிக்கறிக் கடை அண்ணனுக்கு. மனிதத் தோலுக்கு நெருக்கமான தடிப்பு பன்றித் தோலில்தான் கிடைக்கும். ஆனால் தீயில் வாட்டிய பன்றிக்கால் உதவாது. தோல் இறுகி ஊசி வளைந்துவிடும். சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, வெந்நீர் ஊற்றி முடியை வழித்து, அடிக்கொழுப்பு பிரியாமல் வெட்டிக் கொடுத்தார். மீன் கடைக்காரர் தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் தந்தார். உறையவைத்த தோல் என்றால் முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். நடுவில் பனிக்கட்டி நின்றால் ஊசி இறங்காது. உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் தோலைப் போட்டு வைக்கும் யோசனையைத் தடுத்த அனாடமி (உடற்கூறியல்) லேப் உதவியாளருக்கும் நன்றி. தோல் கெட்டியாகிப் போவதோடு கண்ணும் எரிந்திருக்கும். இறைச்சியைத் தொட விரும்பாதவர்களுக்கு மொந்தன் வாழைக்காய்த் தோல் வைத்திருந்தோம். சற்று இழுத்துக் கட்டினாலும் கிழிந்துவிடும் என்பதால், இளக்கமாக முடிச்சுப் போட அதுவே நல்ல வாத்தியார்.

ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்கள் காலாவதியான தையல் நூல் உறைகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றிலும் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று எழுதித் தந்தார்கள். காலாவதியான உறை ஒன்றுகூடத் தவறி வார்டுப் பக்கம் போய்விடக் கூடாது. பெரும்பாலும் கட்டிங் ஊசியோடு (வெட்டும் விளிம்புள்ள ஊசி) வரும் 3-0 தடிமனுள்ள சில்க், அதாவது பட்டு நூல். புதிதாகப் பழகும் கைக்கு அதுதான் சரி. நைலான் சுருண்டிருந்த வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். முடிச்சு நழுவாமலிருக்கக் கூடுதலாகச் சுற்ற வேண்டும்.

டியூட்டி முடித்த கையோடு வந்த ஹவுஸ் சர்ஜன்களும் பி.ஜி.க்களும் (முதுநிலை மாணவர்கள்) இல்லாவிட்டால் இது வெறும் படம் காட்டலாக முடிந்திருக்கும். ஒரு மேசைக்கு ஐந்து பேர், ஒரு சீனியர். அதற்கு மேல் கூட்டினால் யார் கையையும் யாரும் பார்ப்பதில்லை. ஊசியை நுனிப் பக்கமாகப் பிடிப்பதை அவர்கள் சலிக்காமல் திருத்தினார்கள். பிடி, நூல் சேரும் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்க வேண்டும். ஊசி தோலில் 90 டிகிரியில் இறங்கி, மணிக்கட்டுச் சுழற்சியில் வெளிவர வேண்டும். சாய்த்துக் குத்தினால் வெட்டின் விளிம்புகள் உள்ளே மடங்கிக்கொள்ளும், புண் சரியாக ஆறாது. விளிம்பிலிருந்து இரு பக்கமும் 5 மி.மீ. தள்ளி, ஒரே ஆழத்தில் குத்த வேண்டும். முதல் முடிச்சில் இரண்டு சுற்று, அடுத்தது எதிர்த்திசையில். ஒரே திசையில் கட்டினால் அவிழும். இறுக்கிக் கட்டினால் நோயாளியின் தோல் வெளிறி, ரத்தம் ஓடாமல் விளிம்பு செத்துப்போகும்.

தூய்மைப் பணியாளர் அக்காமாருக்குச் சொல்ல வேண்டிய நன்றி இதையெல்லாம் விடப் பெரிது. மேசைத் துணியில் செருகி மறந்த ஊசி, கடைசியில் துணியைச் சுருட்டுபவரின் கையில்தான் ஏறும். கொடுத்த ஊசியும் திரும்பிய ஊசியும் கணக்கில் ஒத்துவரும்வரை ஒருவரையும் அவர்கள் எழுந்திருக்க விடவில்லை. அதுதான் சரி. ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில், அதுவும் முக்கால் பங்கு நிறையும்வரைதான். தோல் துண்டுகளும் ரத்தம் பட்ட பஞ்சும் மஞ்சள் பையில், கையுறை சிவப்புப் பையில். நூல் உறையின் காகிதம் சாதாரணக் குப்பை; அதையும் மஞ்சள் பையில் திணிப்பது நம்மிடம் இருக்கும் கெட்ட பழக்கம்.

நீடில் ஹோல்டர்களையும் (ஊசியைப் பிடிக்கும் கருவி) ஃபோர்செப்ஸையும் (தோலைப் பிடிக்கும் இடுக்கி) இரவல் தந்த ஸ்கில் லேப் பொறுப்பாளருக்கும் நன்றி. எல்லாவற்றையும் பூட்டு திறந்த நிலையில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் இடுக்குகளை பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து உலர்த்தி ஒப்படைத்திருக்கிறோம். தியேட்டர் செட்டோடு கலக்காமலிருக்கக் கைப்பிடியில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. மிஞ்சிய நூல் உறைகள் அங்கேயே அலமாரியில் இருக்கின்றன. எடுப்பவர்கள் நோட்டில் எழுதிவிட்டு எடுக்கவும்.

நன்றியுடன்,
அறுவை சிகிச்சை ஆர்வக் குழு மாணவர்கள்