மைதானத்துச் சாவி வைத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பொங்கல் கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அது பிரஸ்ஸுக்குப் போவதற்குள் இதைப் படித்துவிடு. பெண்களுக்கும் ஒரு மேட்ச் வை என்று போன வருஷம் நேரில்தான் வந்து கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த வருஷம் பாக்கலாம்க்கா" என்று அனுப்பிவிட்டாய். அதனால்தான் இந்த முறை நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். ஊர் மைதானத்தைக் கையில் வைத்திருக்கும் தம்பிகள் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள்; அவர்களும் படிக்கட்டும்.

"பொண்ணுங்க மேட்ச் வச்சா தங்க இடம், பாத்ரூம், பாதுகாப்புன்னு செலவு இழுத்துக்கிட்டே போகும்க்கா" என்றாய். நீ சொன்னதில் பொய்யில்லை. அது எவ்வளவு நிஜம் என்று என் காலுக்குத் தெரியும்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு வெளியூர்ப் போட்டிக்குப் போனோம். காலை ஏழு மணிக்கே போய் இறங்கியாயிற்று. எங்களைக் களத்துக்குக் கூப்பிட்டபோது இரவு எட்டு. ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ஒன்பது பிள்ளைகளும் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை, குடித்தால் போக வேண்டிவருமே என்று. உடை மாற்ற லாரிக்குப் பின்னால் இரண்டு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடித்தோம், மாற்றி மாற்றி. இரண்டாவது பாதியில் பாடிக்கொண்டே எதிரணிப் பக்கம் ரெய்டு போனேன். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் விழுந்தேன். மூச்சு விடவில்லை தம்பி, பாடிக்கொண்டேதான் கிடந்தேன். கால்தான் வரவில்லை. "பொம்பளப் புள்ளைக்குத் தம் பத்தாது" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மறு வருஷம் அப்பா அனுப்பவில்லை. அவரை நான் குறை சொன்னதே இல்லை. ஒதுங்க இடமில்லாத ஊருக்குப் பெற்ற மகளை அனுப்ப யாருக்கு மனசு வரும்?

அதனால் செலவைப் பற்றி நானும் யோசித்துவிட்டுத்தான் வருகிறேன். ராத்திரி மேட்ச் வேண்டாம், பகலில் வை. வெளியூர் டீம் வேண்டாம், சாயங்காலம் பஸ் பிடித்து வீடு திரும்பக்கூடிய நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போதும். தங்க இடம், லைட்டு இரண்டும் தீர்ந்தது. மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சாவியை டீச்சரிடம் நானே கேட்டு வாங்குகிறேன். களமும் புதிதாக வேண்டாம். உங்கள் களம் 13 மீட்டருக்கு 10. பெண்களுக்கு 12-க்கு 8. உங்கள் கோட்டுக்கு உள்ளேயே இன்னொரு கோடு போட்டால் முடிந்தது.

பொங்கல் ஒருநாள் சமாச்சாரம். அதைவிட எனக்கு முக்கியம் அந்த மேட், கபடி ஆடும் விரிப்பு. ரூமுக்குள் சுருட்டி வைத்திருக்கிறீர்களே, அதுதான். பெரிய போட்டிகள் எல்லாம் மேட்டில் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவளை ஷூ மாட்டி மேட்டில் இறக்கினால் திரும்பும் இடத்தில் தடுமாறுகிறாள். நல்ல ரெய்டர்கள் அப்படி அணித் தேர்வில் கழிந்து போனதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பெரிய போட்டி ஆட வேண்டும், அதற்கு மேட்டில் கால் நிற்க வேண்டும். உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990-இலேயே வந்துவிட்டது. பெண்கள் 2010 வரை காத்திருந்தார்கள். இருபது வருஷம்! சேர்த்துக்கொண்ட முதல் தடவையே நம் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2014-இலும் தங்கம். 2018-இல் ஈரானிடம் தோற்று, 2023-இல் ஹாங்சோவில் சீன தைபேயை 26-25 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்து மீட்டார்கள். அந்தக் கடைசி நிமிஷங்களை நீயும் நானும் போனில் பேசிக்கொண்டே பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? புரோ கபடி 2014-இலிருந்து நடக்கிறது. பெண்களுக்கு 2016-இல் மூன்றே மூன்று அணிகளை வைத்து ஒரு தடவை நடத்தினார்கள், அப்புறம் இல்லை. அதை நீயோ நானோ மாற்ற முடியாது. நம் ஊர் ரூம் சாவி உன்னிடம்தானே இருக்கிறது?

சென்னை கண்ணகி நகர் கபடி வீராங்கனை கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்று வந்தபோது அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாய். நெஞ்சு நிறைந்தது. அன்று சாயங்காலம் நீங்கள் பிராக்டிஸ் செய்தபோது கம்பிவேலிக்கு வெளியே நம் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நீ கவனித்தாயா தெரியவில்லை. ஒருத்தி வாய்க்குள் பாடிக்கொண்டே ஒற்றைக் காலை முன்னே நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஐந்திலிருந்து ஆறரை வரை, பிள்ளைகள் பழக அந்த மேட்டை விரித்துக் கொடு. அவ்வளவுதான் கேட்கிறேன். பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் பேசியாயிற்று, கூடவே நான் இருப்பேன். இந்தச் சனிக்கிழமை சுண்ணாம்பு வாளியோடு வருகிறேன். நீ ரூம் சாவியைக் கொண்டு வா. நோட்டீஸில் "மகளிர் கபடி" என்று ஒரு வரிக்கு இடம் விட்டு வை.

அன்புடன்,
அக்கா