மலையின் ஆற்றுமுகத்தை விட்டுவிடுங்கள்

மியான்மரின் கரென் மாநிலத்தில் கல்குவாரி அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பா-ஆன் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலைகளில் வெடி வைப்பது பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது எங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் குன்றின் ஆற்றுப்பக்கப் பாறையிலும் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள். கேட்பது ஒன்றுதான்: அந்த ஆற்றுமுகத்தை விட்டுவிடுங்கள்.

நான் பிள்ளைகளுக்கு நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன். இந்தப் பாறைக்கு வெள்ளைச் சாயம் வேண்டாம், தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட்டு மேலே நீர்த்த சாம்பல், அது காய்வதற்குள் மழைநீர் வழிந்த தடங்களில் கறுப்பும் காவியும். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் காலத்துக் கடலடியில் படிந்த கல்லைக் கரைத்துக் குகையாக்கியதும் அந்த மழைநீர்தான். வெடித்துப் பிளந்த முகத்தில் இது எதுவும் இல்லை, ஒரே வெளிறல்.

சரி, ஓவியம் உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் கோயில் சுவரைக் கேளுங்கள். தாத்தா காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி அது மறுபடி கல்லாகிறது. சுவரின் ஈரத்தையும் வெளியே விடுகிறது. குன்றின் மறுபக்கத்தில் வைத்த வெடியில் அந்தக் காரை பெயர்ந்தது. ஒட்டுப்போட ஒரு மூட்டை சுட்ட சுண்ணாம்பு தேடி மோல்மீன் நகரம் வரை அலைந்தோம், எல்லாக் கடையிலும் சிமெண்டைத்தான் நீட்டினார்கள். வேறு வழியில்லாமல் கொத்தனார் அதையே பூசினார். ஈரம் உள்ளேயே தங்கி, மழைக்காலம் முடிவதற்குள் பக்கத்திலிருந்த பழைய காரையும் உப்பி உதிர்ந்துவிட்டது. சுண்ணாம்பு மலையடியில் குடியிருக்கிறோம், சுவருக்குப் பூசச் சுண்ணாம்பு இல்லை.

பா-ஆன் பக்கத்துக் கோகுன் குகைச் சுவரில் ஒட்டியிருக்கும் களிமண் புத்தர் பலகைகளும் இதே மாதிரி ஒரு மலைக்குள்தான் இருக்கின்றன. எங்கே குகை, எங்கே பழைய சிலை, வௌவால் எங்கே அடைகிறது என்று பார்க்காமலே வரைபடத்தில் கோடு போட்டு அனுமதி கொடுக்கிறீர்கள், வீடு அதிர்கிறது என்றால் மனு கொடு என்கிறீர்கள், மனுவுக்குப் பதிலே வருவதில்லை. சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சிமெண்ட் வேண்டும், சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும், தெரியும். அதற்காக ஒரு மலை முழுவதுமா போக வேண்டும்?

கோபம் இருக்கிறது, ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். ஆற்றுமுகத்தில் துளை போடுவதை நிறுத்துங்கள். குகைகளைக் கணக்கெடுத்த பிறகு மற்ற பக்கத்தைப் பற்றிப் பேசலாம். மழை தொடங்குமுன் ஓர் அதிகாரியை அனுப்பி வையுங்கள், நாங்களே கூட வந்து பாறையைக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர், பா-ஆன்