புகார்: ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும், உங்கள் ‘முழுப் பரிசோதனை செய்த’ கார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவை, பழைய கார் விற்பனைப் பிரிவு

பொருள்: உத்தரவாதக் காலத்தில் உள்ள காரைச் சரிசெய்து தருவது, அல்லது திரும்ப எடுத்துக்கொள்வது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தைப் போனில் சொன்னேன், செயலியில் எழுதினேன், நேரில் வந்து நின்றும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள். பழைய எண்ணைச் சொன்னால் “அது க்ளோஸ் ஆயிடுச்சு சார்” என்கிறார்கள். அதனால் இந்தக் கடிதத்தில் எண் எதுவும் எழுதவில்லை. எந்த வண்டி என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் விற்றது, நீங்கள் சான்று கொடுத்தது, நீங்களே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் ‘கோளாறு எதுவும் காணப்படவில்லை’ என்று தாள் கொடுத்து அனுப்பியது. வெள்ளை நிறம், இடது பின்கதவில் கீறல். கீறலைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பழைய கார் என்றால் கீறல் இருக்கும், தெரிந்துதான் வாங்கினேன்.

பழைய கார் என்றால் நடுரோட்டில் என்ஜின் அணையும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். காலையில் வீட்டில் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே கிளம்பும். அலுவலகத்துக்குப் பாதி தூரம் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. என்ஜின் நன்றாகச் சூடாகி, நெரிசலில் ஊர்ந்து போகும் நேரத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பற்றாது. சுற்றும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள், பூஜ்யத்தை விட்டு நகராது. பானட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு உடனே எடுக்கப் பார்த்தாலும் இதே கதை. என்ஜினை அணைத்ததும் குளிர்விக்கும் நீரோட்டமும் நின்றுபோவதால், பானட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கார் உங்கள் தொழில்.

இப்போது உங்கள் பணிமனை என்ன செய்கிறது என்று பாருங்கள். இழுவை வண்டி வரும்வரை காத்திருந்து, ஏற்றி, கொண்டுபோய் இறக்கி, வரிசையில் நிறுத்தி, ஆள் வந்து சாவி போடுவதற்குள் என்ஜின் பச்சைத் தண்ணீர் போல ஆறிவிடுகிறது. முதல் திருப்பில் கிளம்புகிறது. உடனே “பிரச்சினை இல்லை” என்று தாள் அடித்துவிடுகிறீர்கள். சூட்டில் வரும் கோளாறை ஆறிய வண்டியில் தேடினால் எந்தக் காலத்தில் கிடைக்கும்? இதைத்தான் நான் வாங்கிய புதிதிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ‘பேட்டரி வீக்’ என்றார்கள். செல்ஃப் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதே, பேட்டரி எப்படி வீக் ஆகும் என்று கேட்டேன். கேட்டதற்குப் பதில் இல்லை, பில் வந்தது. புதுப் பேட்டரி என் செலவில். அப்புறம் ஸ்பார்க் பிளக். அதற்கப்புறம் எரிபொருள் பம்ப், அதிலும் பாதி செலவு என் தலையில். கழற்றிய பழைய பம்பைக் கேட்டபோது “அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடும் சார்” என்றார்கள். என் பணத்தில் மாற்றிய பாகம், என் வண்டியிலிருந்து கழற்றிய பாகம், என்னிடம் காட்டக்கூட இல்லை.

சரி, பொறுமையாகவே எழுதுகிறேன். உங்கள் ஊழியர்கள் எல்லாரையும் குறை சொல்ல வரவில்லை. இழுவை வண்டி ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் வண்டியை ஏற்றிக்கொண்டே “தம்பி, இது சென்சார் மாதிரி இருக்கு, சூட்டுல போயிடும்” என்றார். உங்கள் கம்பெனியில் இதுவரை உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஆனால் மதிய ஷிஃப்டில் போன் எடுக்கும் அந்த நபர் இருக்கிறாரே, அவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. வண்டி மேம்பாலத்தின் நடுவில் நின்றிருந்தது. ஒதுங்க இடமில்லை. நான்கு விளக்கும் மினுக்கிக்கொண்டிருக்கின்றன, பின்னால் ஹார்ன் சத்தம் காதைக் கிழிக்கிறது. அவர் கேட்ட முதல் கேள்வி: “டேங்க்ல பெட்ரோல் இருக்கான்னு பாத்தீங்களா சார்?” இருக்கிறது என்றேன். “கியர் நியூட்ரல்ல இருக்கா?” இருக்கிறது என்றேன். அதன்பின் ஒரு பெருமூச்சு விட்டு, “சார், செகண்ட் ஹேண்ட் வண்டிய வாங்கிட்டு புது வண்டி மாதிரி ஓடணும்னு எதிர்பார்த்தா எப்படி? முடியலன்னா கொஞ்ச நாள் பஸ்ல போய்ப் பாருங்களேன்” என்றார். அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு காத்திருக்கச் சொன்னார். ஹோல்டில் போட்டதாக நினைத்துக்கொண்டார் போல, போடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் பேசியது முழுக்க எனக்குக் கேட்டது: “அதே வெள்ளைக் கார் பார்ட்டிதான். கட் பண்ணிடவா?”

கட் பண்ணியும் விட்டார்.

பாலத்தின் நடுவில் நிற்கிற ஒருவனை! உங்கள் அழைப்புகள் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுவதாக ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்கிறது. அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள், மேலாளர் நீங்களே கேளுங்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ‘உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்’ என்று செய்தி வந்திருந்தது.

அன்று அந்தப் பாலத்துக்கு நான் எங்கிருந்து வந்தேன் தெரியுமா? உங்கள் பணிமனையிலிருந்துதான். காலை முதல் ஆளாக வரச் சொன்னீர்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். ஸ்கேனர் கருவி வேறு கிளைக்குப் போயிருக்கிறது, மதியத்துக்குள் வந்துவிடும் என்றார் வரவேற்பில் இருந்த பெண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு அவ்வளவுதான் தெரியும். மதியத்துக்குப் பிறகு கருவி வந்தது, ஆள் சாப்பிடப் போயிருந்தார். ஆள் வந்ததும், வண்டியை இரவு விட்டுவிட்டுப் போங்கள் என்றார். உத்தரவாதப் பத்திரத்தில் இருக்கும் மாற்று கார் எங்கே என்று கேட்டேன். “அது இப்ப ஸ்டாக் இல்ல.” கடைசியில் ஒரே ஒரு முறை, ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தத் தாள் பக்கத்து சீட்டில் கிடக்கும்போதே பாலத்தில் வண்டி நின்றது. முத்திரையின் மை கூடக் காய்ந்திருக்காது.

அதன்பிறகு வெளியே ஒரு மெக்கானிக்கிடம் போனேன். உங்களிடம் இருப்பதைப் போன்ற பெரிய கருவியெல்லாம் அவரிடம் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கைக்கடக்கமான ஒரு ஸ்கேனரைச் செருகினார். பி 0335 என்று வந்தது. கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்பதற்கான குறி அது. ஏதோ ரகசியக் குறி இல்லை, எல்லாக் கம்பெனி கார்களுக்கும் பொதுவானது. வண்டி அணைந்த நிலையிலேயே, சூட்டோடு சூடாக அந்தச் சென்சாரின் பிளக்கைக் கழற்றி, மின் அளவு பார்க்கும் மல்டிமீட்டரை வைத்தார். உள்ளே இருக்கும் காயில் அறுந்தது போல அளவே காட்டவில்லை. சென்சார் மேல் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார், அளவு திரும்பி வந்தது. பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினார், வண்டி கிளம்பியது. என்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று காரின் கணினிக்குச் சொல்வதே அந்தச் சென்சார்தான். அது வாய் மூடிவிட்டால் எப்போது பொறி கொடுக்க வேண்டும், எப்போது எரிபொருள் பாய்ச்ச வேண்டும் என்று கணினிக்குத் தெரியாது. ஆர்.பி.எம். முள் அசையாமல் இருந்ததற்கும் அதுவே காரணம். நீங்கள் மாதக்கணக்கில் கண்டுபிடிக்காததை அவர் ஒரு டம்ளர் தண்ணீரில் கண்டுபிடித்துவிட்டார்.

உத்தரவாதம் இருக்கும்போது வெளியில் பிரித்து மாற்றினால் பிறகு அதையே சாக்காகச் சொல்வீர்கள் என்பதால் அவரை மாற்ற விடவில்லை. குறியைப் படம் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ‘எந்தக் கோளாறுக் குறியும் பதிவாகவில்லை’ என்று திருப்பிக் கொடுத்தீர்கள். நேராக அதே மெக்கானிக்கிடம் போனேன். பழைய பதிவு எதுவும் இல்லை, அதோடு காரின் கணினி தானாகச் செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் ‘முடிவடையவில்லை’ என்று காட்டின. பதிவுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோதான் அப்படி வரும், கொஞ்ச நாள் ஓட்டினால்தான் மறுபடி முடியும் என்றார். இருந்ததை அழித்துவிட்டு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு என்ன பெயர் என்று நான் சொல்லப் போவதில்லை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன். இரண்டு படங்களும் என்னிடம் இருக்கின்றன.

இன்னொன்று. சென்சார் ‘தேய்மானப் பாகம்’, உத்தரவாதத்தில் வராது என்று ஒருவர் சொன்னார். பிரேக் பேட் தேயும், கிளட்ச் தட்டு தேயும், வைப்பர் தேயும், ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சென்சார் எதையும் தொடுவதே இல்லை. பல் சக்கரத்துக்குப் பக்கத்தில் சிறு இடைவெளி விட்டு நின்று பற்களை எண்ணுகிறது. உரசாத பாகம் எப்படித் தேயும்? உங்கள் பத்திரத்தை மூன்று தடவை படித்துவிட்டேன், ‘மின்னணுப் பாகங்கள் உட்பட்டவை’ என்று தெளிவாக இருக்கிறது.

டயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடப் போகிறேன். பரிசோதனை அறிக்கையில் நான்கும் ‘புதியதற்கு நிகர்’. பின் வலது டயரின் பக்கவாட்டில் 1117 என்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர் எந்தக் கணக்கில் புதியது? ஒரு டயரின் நான்கு எழுத்தைக்கூடப் படிக்காதவர்கள் என் என்ஜினை எப்படிப் படித்திருப்பீர்கள்?

இது வெறும் அலைச்சல் இல்லை, உயிர் விஷயம். ஓடும்போது என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கல் போல இறுகிவிடும். பிரேக் ஓரிரு முறை மிதிக்கும்வரை கேட்கும், அப்புறம் முழு பலத்தோடு ஏறி மிதிக்க வேண்டும். பின்னால் லாரி வந்தால் என் கதி என்ன? நான் ஒருவனாகப் போகும்போது பரவாயில்லை, காலையில் பிள்ளையையும் பள்ளியில் இறக்கிவிட்டுப் போகிறேன். அவள் இப்போது காரில் ஏறியதும் “இன்னிக்கு நிக்காது இல்ல?” என்று கேட்கிறாள். அலுவலகத்தில் நான் சொல்லும் காரணத்தை யாரும் நம்புவதில்லை. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது. இந்தக் கார்தான் காரணம் என்று எழுதித் தர முடியாது, எனக்குத் தெரியும். தூக்கம் போயிற்று, நிம்மதி போயிற்று, பாதி ஆயுளே உங்கள் ஹோல்டு இசையில் கரைந்துவிட்டது.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்களோடு சண்டை போட ஆசையில்லை, வேலைக்கு நேரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் கேட்பது: சென்சாரையும் அதற்குப் போகும் ஒயரையும் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். தேவையே இல்லாமல் மாற்றிய பேட்டரி, பிளக், பம்ப் ஆகியவற்றுக்கு நான் கொடுத்த பணம் திரும்ப வர வேண்டும். வண்டி உங்களிடம் இருக்கும் நாட்களுக்குப் பத்திரத்தில் உள்ளபடி மாற்று கார் வேண்டும். இவை முடியாது என்றால் காரை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். குறிகளை அழித்தது யார், யார் சொல்லி அழித்தார் என்பதற்கும் விளக்கம் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து 7 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், வக்கீல் நோட்டீஸ் வரும், அதன்பின் நுகர்வோர் நீதிமன்றம். பில்கள், முத்திரை குத்திய தாள்கள், படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். பதிலைப் போனில் சொல்ல வேண்டாம். மதிய ஷிஃப்ட் நபரை விட்டுப் பேசச் சொல்லவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: வண்டியை மறுபடி கொண்டுவரச் சொன்னால் வருகிறேன், ஒரு நிபந்தனையோடு. உங்கள் ஆள் என்னோடு உட்கார்ந்து, நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். திரும்பி வந்ததும் அணைத்துவிட்டு, ஆறவிடாமல் பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். மல்டிமீட்டர் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் கொண்டுவருகிறேன்.