அல்சர் என்று சொன்னோமே

அன்புள்ள கோமு,

உன் குரல் பதிவு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் பேசலாம் என்று இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன், அப்படியே வைத்துவிட்டேன். எழுதினால்தான் வரும் என்று தோன்றியது. ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு எழுதுவேனே இன்லேண்டு லெட்டர், மடிக்கிற ஓரத்தில்கூட இடம் விடாமல், அந்த மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொள்.

"அம்பது வயசுல எதுக்குடி மறுபடி படிப்பு, அதுவும் டாக்டருக்கு நீதி போதனை வகுப்பா" என்று கேட்டுச் சிரித்தாயே, சிரிப்பு நியாயம்தான். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு நீதி போதனை பீரியட் இருக்கும், கணக்கு டீச்சர் வந்து அதையும் பிடுங்கிக்கொள்வார். மருத்துவக் கல்லூரியிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். மருத்துவ அறம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சட்ட மருத்துவப் பாடத்தில், விஷங்களுக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் நடுவே இரண்டே இரண்டு வகுப்பு. அதிலும் என்ன செய்தால் மெடிக்கல் கவுன்சில் பெயரை நீக்கும் என்பதுதான் பாடம். 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றியபோது அறத்தையும் நோயாளியிடம் பேசும் முறையையும் முதல் வருடத்திலிருந்தே வைத்துவிட்டார்கள். எங்கள் ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் அதற்கு 'ஏட்காம்' என்று பெயர் சொல்லிக் கொட்டாவி விடுகிறார்கள், அது வேறு விஷயம்.

நான் சேர்ந்திருப்பது மருத்துவ அறத்தில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம். முழுநேரமாகப் படிக்கவேண்டும் என்றால் டெல்லி ஜே.என்.யூ.வில் சமூக மருத்துவத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் இருக்கிறது, ஆனால் வேலையையும் அம்மாவையும் யார் தலையில் கட்டிவிட்டுப் போவது? இதில் பாதிக்கு மேல் ராத்திரி ஒன்பது மணிக்குக் கணினி முன்னால், மீதி சில நாட்கள் மட்டும் நேரில். வகுப்பில் நான்தான் கிழவி. ஒரு வக்கீல், இரண்டு நர்சுகள், மருந்து ஆராய்ச்சி கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பையன், இளம் சர்ஜன் ஒருவன், அப்புறம் கேரளத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி. இந்தக் கன்னியாஸ்திரி அதிகம் பேசமாட்டார், பேசினால் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் வராது.

முதல் மாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கைதிகள்மேல் பரிசோதனை நடத்திய நாஜி டாக்டர்கள்மேல் நடந்த நூரம்பர்க் விசாரணை, மனிதர்கள்மேல் ஆராய்ச்சி செய்வதற்கென்று 1947இல் வந்த பத்து விதிகள், அலபாமாவில் 1932இலிருந்து 1972 வரை கறுப்பினத்தவர்களுக்குச் சிபிலிஸ் இருப்பது தெரிந்தும் சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்த ஆய்வு, இப்படியே போனது. எல்லாம் கொடுமைதான், ஆனால் நான் நாஜியும் இல்லை, நான் செய்தது ஆராய்ச்சியும் இல்லை, இருபத்து நாலு வருஷமாக மயக்க மருந்து கொடுத்துப் பத்திரமாக எழுப்பி விட்டிருக்கிறேன், இதில் எனக்கு என்ன என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒருநாள் ஆசிரியர் எங்களிடம் இருக்கிற சம்மதப் பாரத்தைக் கொண்டுவரச் சொன்னார். நம் ஊர் பாரத்தைத்தான் நீயும் பார்த்திருப்பாயே, நீயே எத்தனை கையெழுத்துப் போட்டிருக்கிறாய். "சுயநினைவுடன் முழு மனதுடன் சம்மதிக்கிறேன், இதனால் ஏற்படும் எந்தப் பின்விளைவுக்கும் மருத்துவரோ மருத்துவமனையோ பொறுப்பல்ல." அதை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். நான் படித்தேன். "இது சம்மதமா, கடன் பத்திரமா" என்று கேட்டார் கன்னியாஸ்திரி. அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் பேரிடம் வாங்கியிருப்பேன் அந்தக் கையெழுத்தை, அதுவும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே, பேனாவைக் கையில் திணித்து, "இங்க போடுங்க, இங்கயும்" என்று.

சட்டம் இதில் எப்போதோ தெளிவாகிவிட்டது என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. டெல்லியில் சமீரா கோலி என்பவர், 44 வயது, உள்ளே என்ன என்று பார்க்க மட்டும் ஒரு லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்துப் படுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம், விவரம் தெரிந்த வயதுவந்த பெண்ணுக்காக அம்மா தந்த சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாது என்று சொன்னது. நஷ்ட ஈடு 25,000 ரூபாய். தொகையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதைவிட, அந்த அறையில் மயக்க மருந்து கொடுத்துவிட்டு ஒருவர் தலைமாட்டில் நின்றிருப்பாரே, அவர் என்ன நினைத்திருப்பார் என்றுதான் மனசு போனது. என் இடம் அதுதானே.

கையெழுத்து ஒழுங்காக இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரைத் தேடிப்பிடித்துப் பேசிய ஓர் ஆய்வு 2002இல் வந்திருக்கிறது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். கைக்கு வந்தது சராசரியாக ஆயிரம் டாலர் சொச்சம். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, முக்கால்வாசிப் பேர் கடன் தீராமலே இருந்திருக்கிறார்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத்தானே மேஜையில் படுத்திருப்பார்கள்? புருஷன் குடிக்கிறான், அவன் உடம்பு தாங்காது, நான் கொடுக்கிறேன் என்று வந்தவளை 'சுய விருப்பத்தில் வந்தவர்' என்று எழுதிக்கொள்ள எந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு நிமிஷம்தான் ஆகும். மருத்துவத்தின் சமூகப் பக்கம் என்று எங்கள் பாடத்தில் சொல்வது இதைத்தான்.

இனி நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

குரல் பதிவின் கடைசியில் நீ சொன்னாய்: "எங்கப்பா மாதிரி ஒண்ணும் தெரியாம நிம்மதியாப் போய்ச் சேரணும், அதுக்கு எந்தப் படிப்பும் வேணாம்." அதைக் கேட்ட பிறகுதான் போனை எடுக்கவே முடியவில்லை.

2006இல் நீ கேட்டுக்கொண்டபடிதான் எல்லாம் நடந்தது. அப்பாவிடம் அல்சர் என்று சொன்னோம். சர்ஜன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டியை எடுக்க வழியில்லாமல், சாப்பாடு இறங்க ஒரு மாற்றுப் பாதை மட்டும் போட்டு மூடினார். "அல்சரை எடுத்தாச்சு" என்று வந்து சொன்னது நான்தான், ஏனென்றால் அவருக்கு என்மேல் நம்பிக்கை. நாலாம் நாள் ராத்திரி நீ கீழே டிபன் வாங்கப் போயிருந்தாய். நான் எட்டிப் பார்த்தேன். முழித்துக்கொண்டிருந்தார். "தாயி, இது அல்சர் இல்லைன்னு எனக்குத் தெரியும். கோமுகிட்ட சொல்லிடாத, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அவ தெம்பா இருக்கா. எவ்வளவு நாள் இருக்குன்னு மட்டும் சொல்லு, கடைப் பத்திரத்த அவ பேருக்கு மாத்தணும்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த டிரிப்ஸைத் திருகினேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, வீட்டுக்குப் போய் நிதானமாப் பாத்துக்கலாம், தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் மறுபடி என்னிடம் கேட்கவே இல்லை. பத்திரமும் மாறவில்லை. அந்தப் பூட்டுக் கடைக்காக உன் சித்தப்பாவோடு எட்டு வருஷம் திண்டுக்கல் கோர்ட்டுக்கு நீ நடந்தாயே, அதில் எனக்கும் பங்கு உண்டு கோமு.

இது எந்த வகுப்பில் என்னைப் பிடித்து உலுக்கியது என்றால், பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்று இரண்டு சமூகவியலாளர்கள், 1960களில் அமெரிக்க ஆஸ்பத்திரி வார்டுகளில் உட்கார்ந்து, சாகப்போகிறவருக்கும் சுற்றி இருப்பவர்களுக்கும் நடுவில் யாருக்கு என்ன தெரியும் என்பதை நான்கு வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும் என்பது ஒரு வகை. நோயாளி சந்தேகப்படுவது ஒன்று. எல்லாரும் வெளிப்படையாகப் பேசுவது ஒன்று. மிச்சம் இருப்பது, எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஆனால் யாருக்கும் எதுவும் தெரியாத மாதிரி நடிப்பது. நாம் முதல் வகையில் இருக்கிறோம் என்று நீ நம்பினாய். உன் அப்பா கடைசி வகையில் தனியாக நடித்துக்கொண்டிருந்தார், அவரோடு நடித்த ஒரே ஆள் நான்.

எங்கள் சர்ஜன் பையன் விடவில்லை. இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நோயாளியிடம் நேரே சொல்வது அவர்கள் பண்பாடு, நம் ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும் என்றான். நானும் அவன் கட்சிதான், தலையாட்டினேன். ஆசிரியர் சண்டை போடவில்லை, 1961இல் சிகாகோவில் 219 டாக்டர்களிடம் எடுத்த கணக்கை எடுத்துக் காட்டினார். புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே மேல் என்றவர்கள் 90 சதவீதம்! அதே கேள்வியை வேறு ஆட்கள் 1979இல் திரும்பக் கேட்டபோது, சொல்லிவிடுவோம் என்றவர்கள் 97 சதவீதம். பதினெட்டு வருஷம்தான். நான் பண்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி டாக்டர்களின் பயமாக இருக்குமோ என்று அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. புற்றுநோய்க்குச் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாதவரை வாயைத் திறக்கப் பயம், அவ்வளவுதானோ?

எல்லாரிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கவேண்டும் என்ற கட்சியிலும் நான் சேரவில்லை, பயப்படாதே. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பார்க்கப் போகும்போது இப்போது ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன், "உங்க உடம்பப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க, யாரை வெச்சுக்கிட்டு சொல்லட்டும்?" போன மாதம் ஒரு பாட்டி, "எனக்கு ஒண்ணும் வேணாம்மா, எம்மவன்ட்ட சொல்லிரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். சரி, அதுவும் அவர் முடிவுதான். அதற்கு அடுத்த கட்டிலில் ஒரு லாரி டிரைவர் நாற்பது நிமிஷம் என்னை விடவில்லை, வண்டிக் கடன், மகள் கல்யாணம், மறுபடி ஸ்டியரிங் பிடிக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டார், தியேட்டர் நர்சு வந்து முறைத்துவிட்டுப் போனார். இந்த நாற்பது நிமிஷத்துக்கு மருத்துவமனை எங்கேயும் கணக்கு வைத்திருக்கவில்லை, இது எப்படித் தொடர்ந்து நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, பாடத்திலும் பதில் இல்லை.

இன்னொரு செய்தி, என் உயிருக்கு வழியில்லாமல் போனால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக் கூடாது என்று உயில் எழுதி வைத்துவிட்டேன். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது, 2023இல் இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். என் மகன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, மறுநாள் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவனே ஒரு பிரதி எடுத்துக்கொண்டான்.

அப்பா சொல்லாதே என்றதை இருபது வருஷம் கழித்து உன்னிடம் சொல்வது சரியா என்றும் யோசித்தேன். பெயர் சொல்லாமல் கன்னியாஸ்திரியிடம் கேட்டேன். "சொல்றது உங்களுக்கு வேண்டியா, அவங்களுக்கு வேண்டியா" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார். எனக்காகத்தான் என்று ஒப்புக்கொண்டேன். உனக்காகவும் கொஞ்சம் இருக்கலாம். அவர் ஒன்றும் தெரியாமல் போகவில்லை கோமு, உன்னைப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

படிப்பு முடிய ஒரு ஆய்வுக் கட்டுரை கொடுக்கவேண்டும். "அவருக்குச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கேட்கிற குடும்பங்களைப் பற்றி எழுதுகிறேன். முதல் சம்பவமாக என்னுடைய நாலாம் நாள் ராத்திரியை வைக்க ஆசை. பெயர் வராது, ஊர் வராது, பூட்டுக் கடை என்பதும் வராது. ஆனாலும் அது உன் அப்பா. இதோடு ஒரு சம்மதப் பாரம் அனுப்பியிருக்கிறேன், தமிழில் நானே எழுதியது, இரண்டு பக்கம், 'பொறுப்பல்ல' என்ற வரி அதில் கிடையாது. உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் படித்துக் காட்டு, அவருக்கும் இதில் பாத்தியதை உண்டு. வேண்டாம் என்று தோன்றினால் காரணம்கூடச் சொல்லவேண்டியதில்லை, வெறும் "வேணாம்" என்று ஒரு வார்த்தை போதும், எடுத்துவிடுகிறேன். சித்திரையில் திண்டுக்கல் வருவேன். அதற்குள் என்மேல் கோபம் தீர்ந்திருக்காவிட்டாலும் வருவேன், சோறு போடு.

உன்,
சாந்தி