விலைக்கழிவைக் கடையிலேயே கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேம் விளையாடும் கருவிகளான கேம் கொன்சோல்களின் விலையைக் குறைப்பதைவிட, முழு விலைக்கு விற்றுவிட்டு ஒரு தொகையைத் தபால் மூலம் திருப்பித் தருவதே கம்பனிகளுக்கு நல்லது என்று தங்கள் பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். கம்பனிக்கு நல்லதுதான். ஏன் நல்லது என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் அந்தக் காசைக் கேட்டு எழுதவே மாட்டார்கள் என்ற கணக்கில்தான் இந்தத் திட்டமே நிற்கிறது.

இது அமெரிக்காவில் பல காலம் ஊறிப்போயிருந்த முறை. பெட்டியில் உள்ள பார்கோடை வெட்டி, பற்றுச்சீட்டின் மூலப் பிரதியோடும் நிரப்பிய படிவத்தோடும் குறித்த திகதிக்குள் அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் காத்திருந்தால் காசோலை வரும். ஒன்று குறைந்தாலும் வராது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது கழிவு போன விலை, நாம் எண்ணிக் கொடுப்பது முழு விலை. நம் இலங்கையில் என்றால் 18 சதவீத வற் எனும் பெறுமதி சேர் வரியும் அந்த முழு விலைக்கே விழுகிறது.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தலவாக்கலையில் போட்டோ கொப்பி எடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று சிறு கடை நடத்துகிறேன். சென்ற தீபாவளிக்கு இந்தப் பக்கத்துக் கடையொன்று இதே மாதிரி ஒரு சலுகையை அறிவித்தது. தோட்டத்தில் கொடுத்த தீபாவளி முற்பணத்தோடு சீட்டுக் காசையும் போட்டுப் பிள்ளைக்குக் கொன்சோல் வாங்கிய பெற்றோர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் இருந்தது. வீட்டு இலக்கம், வீதியின் பெயர் கேட்டிருந்தார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனில் உள்ள லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, எந்த வீதியை எழுதுவது? கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கே கட்டோடு கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போகிறவர் எடுத்து வந்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக் கடிதமே நாள் கடந்து கைக்கு வருகிற ஊரில், காசோலை மட்டும் நேரத்துக்கு வந்துவிடுமா?

அப்புறம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. இது மலையகத்தில் வீட்டுக்கு வீடு உள்ள சங்கடம். "தம்பி, எந்தப் பேரை எழுதினா காசு வரும்?" என்று ஓர் அம்மா கேட்டார். அவரிடம் இருந்த மூன்று பத்திரங்களிலும் மூன்று எழுத்துக்கூட்டல். கடைசியில் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி எழுதி அனுப்பினோம். காசு இன்றுவரை வரவில்லை. இதற்கிடையில் கொன்சோல் பழுதாகி, வொரண்டிக்குக் கொண்டுபோனபோது பெட்டியில் சீரியல் நம்பர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நம்பர் பார்கோடுக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. வெட்டிய துண்டோடு அதுவும் தபாலில் போய்விட்டது. வெட்டச் சொன்னதும் அவர்கள், வெட்டியது குற்றம் என்பதும் அவர்கள். அந்த அம்மா என்னதான் செய்திருக்க வேண்டும்?

விலையைக் குறைத்தால் விற்பனை பெருகாது என்று சொல்கிறவர்கள் பழைய வரலாற்றைப் பார்க்கட்டும். 2002 மே மாதத்தில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பொக்ஸ் என்ற கொன்சோல்கள் இரண்டுமே 299 டொலரிலிருந்து 199 ஆகின. 199க்கு வந்த நின்டெண்டோ கம்பனியின் கேம்கியூப் 149 ஆனது. 2003 செப்டெம்பரில் அதையே 99 டொலராக்கியதும், தேங்கிக் கிடந்த சரக்கு நகரத் தொடங்கியது. யாரும் பார்கோடு வெட்டவில்லை. விலையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லவில்லை. சேகா கம்பனியின் டிரீம்காஸ்ட் கொன்சோல் 2000ஆம் ஆண்டில் 199இலிருந்து 149க்கு இறங்கியும் தப்பவில்லை. 2001 ஜனவரியில் அதன் உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சேகா அறிவித்தது. ஆனாலும் அந்த 149க்கு வாங்கியவருக்கு மிச்சமான காசு அன்றைக்கே கையில் இருந்தது.

விலையைத் திடீரென்று குறைத்தால் முதலில் வாங்கியவர்கள் கோபப்படுவார்கள் என்ற வாதம் மட்டும் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. 2011 மார்ச்சில் 249 டொலருக்கு அமெரிக்காவில் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கொன்சோல், ஓகஸ்டில் 169 ஆனது. அதற்கு முன் வாங்கி, நின்டெண்டோவின் இணையக் கடைக்குள் நுழைந்திருந்தவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு கடிதமும் எழுத வேண்டியிருக்கவில்லை. நின்டெண்டோவின் அப்போதைய தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, கொன்சோல் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. வியாபாரிகளால் கழிவு கொடுக்க முடியும் என்றால், வரும் தீபாவளிக்கு அதை விலைச்சீட்டிலேயே குறைத்துப் போடட்டும். கம்பனி கேட்கும் படிவத்தைக் கடைக்காரரே நிரப்பி அனுப்பி, அந்தக் காசைப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும். அவருக்கு முகவரி இருக்கிறது, வங்கிக் கணக்கும் இருக்கிறது. ஏற்கெனவே படிவம் அனுப்பிக் காத்திருப்பவர்களுக்குப் பற்றுச்சீட்டின் பிரதியைப் பார்த்து, விற்ற கடையே காசைக் கொடுக்க வேண்டும். பிரதிகள் பலரிடம் இருக்கின்றன. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தலவாக்கலை.